இரண்டாவது பீப்பாயின் சுவை: போர்ட், ஷெர்ரி ஃபினிஷ் சிங்கிள் மால்ட்டை ருசித்துப் பழகும் முறை

ஸ்காட்ச் பாட்டிலில் போர்ட், ஷெர்ரி என்ற ஒயின்களின் பெயரைச் சேர்த்து 'போர்ட் ஃபினிஷ்', 'ஷெர்ரி ஃபினிஷ்' என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் விலை ஒரு படி ஏறிவிடும். ஆசையாக வாங்கி வந்தவர் வீட்டில் ஒரு லார்ஜ் ஊற்றி, ஐஸ் போட்டு, சோடாவால் நிரப்பிக் குடிப்பார். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்காகக் கொடுத்த கூடுதல் பணத்துக்கு என்ன கிடைத்தது என்று அவர் நாக்கிடம் கேட்டால் பதில் வராது. இத்தனை வருட உழைப்பில் உருவான ஒன்றை அப்படித் தவறவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஃபினிஷ் விஸ்கியை ருசிப்பதில் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. கிளாஸில் இருப்பதில் மால்ட் எது, பின்னால் வந்த பீப்பாய் எது? கீழே உள்ள எல்லாமே அந்தக் கேள்விக்கு விடை தேடும் வழிகள்தான்.

முதலில், ஃபினிஷ் என்றால் என்ன

பார்லியை முளைக்கவிட்டு உலர்த்தி (இதுதான் மால்ட்), அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து இனிப்பை இறக்கி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைத்து, செம்புக் கலன்களில் காய்ச்சி வடித்தால் தண்ணீர் மாதிரி நிறமில்லாத சாராயம் கிடைக்கும். அதை ஸ்காட்லாந்துக்குள்ளேயே, 700 லிட்டருக்கு மேற்படாத ஓக் பீப்பாயில், குறைந்தது 3 வருடம் வைத்திருந்தால்தான் ஸ்காட்ச் என்ற பெயர். முழுக்க மால்ட் பார்லியில், ஒரே ஆலையில் செய்தால் அது சிங்கிள் மால்ட். தண்ணீரையும், நிறத்துக்கான சாதாரணக் கேரமலையும் தவிர வேறு எதையும் சேர்க்க 2009ஆம் ஆண்டு விதிகள் இடம் தருவதில்லை. ஆகவே விஸ்கியில் ஒயின் ருசி வர வேண்டுமென்றால் அது மரத்தின் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

பெரும்பாலான மால்ட் முதலில் போய்ச் சேருவது அமெரிக்காவில் போர்பன் என்ற விஸ்கி இருந்து காலியான பீப்பாய்க்கு. போர்பனுக்குப் புது ஓக் பீப்பாய்தான் வேண்டும் என்பது அங்கே சட்டம். அதனால் ஒரு முறை பயன்படுத்தியவை, சுமார் 200 லிட்டர் அளவுள்ளவை, ஏராளமாக ஸ்காட்லாந்துக்கு வருகின்றன. வெனிலா, தேன், தேங்காய்ப் பால் போன்ற மென்மை எல்லாம் அந்த மரத்தின் கொடை. இப்படிப் பத்து, பன்னிரண்டு வருடம் முதிர்ந்த விஸ்கியை எடுத்து, ஒயின் ஊறிய வேறொரு பீப்பாயில் சில மாதமோ சில வருடமோ வைத்தால் அதுதான் ஃபினிஷ். எவ்வளவு காலம் வைக்க வேண்டும் என்று சட்டத்தில் கணக்கு இல்லை. பால்வெனி ஆலையின் டபுள்வுட் 12 என்ற விஸ்கி ஷெர்ரி பீப்பாயில் இருப்பது சுமார் 9 மாதம். கிளென்மோரஞ்சி கின்டா ரூபன் 14 போர்ட் பீப்பாயில் 4 வருடம் கிடக்கிறது.

இந்த முறையை ஒழுங்காக வடிவமைத்தவர் பால்வெனியின் டேவிட் ஸ்டூவர்ட். 1980களின் தொடக்கத்தில் சோதித்துப் பார்த்தார், 1993இல் டபுள்வுட் வந்தது. அதே தசாப்தத்தில் கிளென்மோரஞ்சி போர்ட் பீப்பாயில் முடித்த விஸ்கியை விற்கத் தொடங்கியது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துக்கொள்வது நல்லது. லேபிளில் ஷெர்ரி என்று இருப்பதெல்லாம் ஃபினிஷ் ஆகாது. கிளென்ஃபார்கிளாஸ் போன்ற ஆலைகள் முதல் நாளிலிருந்தே ஷெர்ரி பீப்பாயில் ஊறப்போடும். அங்கே மால்ட்டும் மரமும் சேர்ந்து வளர்ந்தவை. ஃபினிஷ் என்பது வளர்ந்த பிறகு சேர்ந்த உறவு. இரண்டும் வாயில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

அந்தப் பீப்பாய்களில் என்ன இருந்தது

போர்ட், ஷெர்ரி, மெடீரா, மார்சாலா எல்லாமே வலுவேற்றிய ஒயின்கள். அதாவது திராட்சைச் சாறு புளிக்கும்போதோ, புளித்து முடிந்த பிறகோ, திராட்சையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்து வலுவைக் கூட்டியவை. எப்போது சேர்த்தார்கள் என்பதில்தான் இனிப்பு இருக்கிறது. பாதிப் புளிப்பில் சேர்த்தால் ஈஸ்ட் அடங்கிவிடும், சர்க்கரை மிஞ்சிவிடும்.

போர்ட் அப்படித்தான். போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்கில் விளைந்த திராட்சை, வலு 20 சதவீதம் வாக்கில் நிற்கும். ரூபி வகை பெரிய தொட்டிகளில் கொஞ்ச காலம்தான் இருக்கும், அதனால் பழத்தின் சிவப்பு போகாது. டானி வகை சுமார் 550 லிட்டர் மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் காற்றோடு பழகிப் பழுப்பாகி, பருப்பும் கேரமலுமாக மாறும். விஸ்கி லேபிளில் ரூபியா டானியா என்று சொல்லியிருந்தால் கவனியுங்கள், இரண்டும் விஸ்கியை வெவ்வேறு திசையில் இழுக்கும்.

ஷெர்ரி ஸ்பெயினின் ஹெரெஸ் ஊர்க்காரி. அதில் நமக்கு வேண்டியவை இரண்டு. ஒலொரோஸோ, இனிப்பில்லாதது: புளித்து முடிந்த பிறகு வலுவேற்றி, காற்றுபடவே முதிரவிடுவார்கள். வால்நட், ஆரஞ்சுத் தோல், பழைய மர அலமாரி வாசனை. மற்றது பெட்ரோ ஹிமேனெஸ்: திராட்சையைப் பாயில் பரப்பி வெயிலில் காயவைத்து, உலர்திராட்சை ஆக்கிய பிறகே பிழிவார்கள். கறுப்பாக, காய்ச்சிய பாகு மாதிரி இருக்கும்.

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் உண்டு. 'ஷெர்ரி பீப்பாய்' என்றதும் ஹெரெஸின் இருண்ட கிடங்கில் தலைமுறை தலைமுறையாக ஷெர்ரி வைத்திருந்த பீப்பாய் என்று மனதில் படம் வரும். அந்தப் பீப்பாய்களை அவர்கள் லேசில் விற்க மாட்டார்கள். விற்றாலும் மரம் களைத்துப்போயிருக்கும், விஸ்கிக்குக் கொடுக்க அதனிடம் அதிகம் இருக்காது. அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்துக்குக் கிடைத்தவை ஏற்றுமதிப் பீப்பாய்கள். ஷெர்ரியைப் பீப்பாயோடு பிரிட்டனுக்குக் கப்பலில் அனுப்பி அங்கே பாட்டிலில் அடைத்தார்கள். காலிப் பீப்பாயை ஆலைகள் மலிவாக எடுத்துக்கொண்டன. 1980களில் ஸ்பெயினிலேயே பாட்டிலில் அடைக்க வேண்டும் என்று ஆனதும் அந்த வரத்து நின்றது. இன்று விஸ்கிக்காரர்களே புது ஓக் பீப்பாய் செய்யச் சொல்லி, அதில் ஷெர்ரியை ஊற்றி, குறைந்தது ஒரு வருடம் பழக்கி வாங்குகிறார்கள். நாம் புது மண்சட்டியைக் கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்குவதில்லையா, அந்த மாதிரிதான். ஆகவே ஷெர்ரி விஸ்கியில் நாம் உணரும் கிராம்பு, பட்டை, உலர்பழ ருசியில் பாதிக்கு மேல் ஓக் மரத்துடையது என்பது என் எண்ணம். ஷெர்ரியை மட்டும் தேடிப் போனால் ஏமாற்றமாக இருக்கும், மரத்தையும் சேர்த்துத் தேடுங்கள்.

மெடீரா, அதே பெயருள்ள போர்ச்சுகீசியத் தீவில் சூட்டில் வேகவைத்த ஒயின். வெப்ப மண்டலத்தைக் கடந்து போய்வந்த பீப்பாய்களில் ருசி கூடியதைப் பார்த்துத்தான் அந்த வழக்கம் வந்தது. இந்தியாவுக்கு வந்த கப்பல்கள் அந்தத் தீவில் நின்று பீப்பாய்களை ஏற்றிக்கொண்டன. 18ஆம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர் அதைத்தான் விரும்பிக் குடித்தார்கள். மெடீரா ஃபினிஷில் இனிப்போடு ஒரு கூர்மையான புளிப்பு இருக்கும். மார்சாலா சிசிலித் தீவுடையது. ஆனால் முதல் முறை ருசிப்பவர் போர்ட்டிலும் ஷெர்ரியிலும் தொடங்குவதே சரி.

ஜோடியாக வாங்குங்கள்

ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு ஃபினிஷைக் கற்றுக்கொள்ள முடியாது. ஃபினிஷ் இல்லாத உடன்பிறப்பு பக்கத்தில் வேண்டும். நான் புதியவர்களுக்குச் சொல்லும் ஜோடி கிளென்மோரஞ்சி ஒரிஜினலும் கின்டா ரூபனும். ஒரே ஆலை, ஒரே சாராயம், முதலில் இரண்டுமே போர்பன் பீப்பாய். வித்தியாசம் பெரும்பாலும் போர்ட்டும் கூடுதல் வயதும்தான். அந்த ஆலையின் கலன்கள் ஸ்காட்லாந்திலேயே மிக உயரமானவை. கனமான ஆவி கழுத்தைத் தாண்ட முடியாமல் கீழே விழுந்துவிடுவதால் சாராயம் மெல்லியதாக, மலர் வாசனையோடு வருகிறது. மெல்லிய வெள்ளைத் துணியில் சாயம் தெளிவாகத் தெரிவதுபோல் போர்ட் அதில் பளிச்சென்று தெரியும்.

ஒரு சின்னத் திருத்தம் வேண்டும். ஒரிஜினலில் ஆல்கஹால் 40 சதவீதம், கின்டா ரூபனில் 46. வலு கூடினால் ருசியும் கூடியதாகத் தோன்றும். 15 மி.லி. கின்டா ரூபனில் 2 மி.லி.க்குக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர் சேர்த்தால் அதுவும் 40க்கு இறங்கிவிடும். ஒரு கிளாஸ் அப்படியே, இன்னொன்று தண்ணீர் சேர்த்தது என்று வைத்துக்கொண்டால் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

புகை வாசனை பிடித்தவர்களுக்கு டாலிஸ்கர் 10, டாலிஸ்கர் போர்ட் ரீ ஜோடி இன்னும் வசதி. இரண்டும் 45.8 சதவீதம்.

கடையில் லேபிள் பார்க்கும்போது வயது எண் மொத்தக் காலத்தைக் குறிக்கிறது, ஃபினிஷ் காலத்தை அல்ல. நிறம் சேர்க்கவில்லை என்று போட்டிருந்தால் நல்லது, கண்ணை நம்பலாம்.

உட்காரும் முன்

பல வருடம் முன்பு, வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூடத்தில் சாம்பிராணி போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மூன்று புது பாட்டில்களைத் திறந்து ஆசையாக முகர்ந்தேன். மூன்றிலும் ஒரே சந்தன வாசனை. அன்று எழுதிய குறிப்பை மறுநாள் கிழித்துப் போட்டேன். அன்றிலிருந்து அறைதான் எனக்கு முதல் வேலை. ஊதுபத்தி, தாளிப்பு, சென்ட், மல்லிகைப்பூ எதுவும் பக்கத்தில் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன், காபி குடித்து ஒரு மணி நேரமாவது கழித்து உட்காருங்கள். வெற்றிலை போட்ட வாயோடு முயலவே வேண்டாம்.

அடுத்தது சூடு. ஸ்காட்லாந்தில் அறை வெப்பநிலை என்றால் 18 டிகிரி பக்கம். நம் ஊரில் மே மாதம் அது 33. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முதலில் எழுந்து மூக்கைக் குத்தும், வாசனை பின்னால் மறைந்துகொள்ளும். ஏசி அறையில் உட்காருங்கள், அல்லது பாட்டிலைக் கொஞ்ச நேரம் குளிர்ந்த நீரில் நிறுத்தி வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் வாசனை சுருண்டுவிடும். ஐஸ் போட்டாலும் அதே கதிதான்.

கிளாஸ் அடியில் பெருத்து வாயில் குறுகியதாக இருக்கட்டும். கிளென்கெய்ர்ன் கிளாஸ் அதற்கென்றே செய்தது, சின்ன ஒயின் கிளாஸும் போதும். ஒவ்வொன்றிலும் 15 மி.லி., அதாவது ஸ்மாலில் பாதி. அதற்கு மேல் ஊற்றினால் மூன்றாவது கிளாஸில் நாக்கு மங்கிவிடும். ஊற்றியதும் ஒரு சாஸரால் மூடி 10 நிமிடம் விடுங்கள். குடிக்கத் தண்ணீர், மருந்துக்கடை டிராப்பர் ஒன்று, நோட்டு, பேனா. அன்றைக்கு வண்டி ஓட்டும் வேலை இருக்கக் கூடாது.

பார்த்தல், முகர்தல்

வெள்ளைத் தாளின் மேல் கிளாஸைச் சாய்த்துப் பாருங்கள். ஒரிஜினல் வைக்கோல் மஞ்சள். கின்டா ரூபனில் செம்பு நிறத்துக்குள் ஒரு ரோஜா சாயல் ஓரத்தில் தெரியும். கேரமல் பழுப்பைத்தான் கூட்டும், அந்த இளஞ்சிவப்பைத் தராது. நிறத்துக்கு இதற்கு மேல் நேரம் செலவழிக்க வேண்டாம்.

முகர்வதற்கு நிறைய நேரம் கொடுங்கள். மூக்கை உள்ளே நுழைக்காமல் கிளாஸின் விளிம்புக்கு மேலே வைத்து, வாயை லேசாகத் திறந்தபடி மெல்ல இழுங்கள். வாய் திறந்திருந்தால் எரிச்சல் குறையும். எப்போதும் ஃபினிஷ் இல்லாத கிளாஸிலிருந்து தொடங்குங்கள். அதில் என்ன இருக்கிறது என்று மூன்று வார்த்தை எழுதிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

போன மாதம் என் நோட்டில் எழுதியது இது. ஒரிஜினல்: சாத்துக்குடித் தோல், தேன், பால்கோவா. பிறகு கின்டா ரூபன்: முதல் ஒரு நிமிடம் கறுப்புச் சாக்லேட், அதற்குள் புதினா. ஐந்து நிமிடம் கழித்துப் பேரீச்சம்பழம். மறுபடி ஒரிஜினலை முகர்ந்துவிட்டுத் திரும்பி வந்தபோது, பேரீச்சம்பழத்துக்கு அடியில் அதே சாத்துக்குடி. இந்தத் தடவை தோலாக இல்லை, சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சு மாதிரி. அந்தக் கணத்துக்காகத்தான் இரண்டு கிளாஸ் வேண்டும் என்கிறேன். பழைய வாசனை புது உடையில் நிற்பதை நம் மூக்கே கண்டுபிடிக்கும்.

மூக்கு களைத்துவிட்டால் உங்கள் சட்டைக்கையை முகருங்கள். மூக்குக்குப் பழகிய வாசனை அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

வாசனைக்குப் பெயர் வைக்க ஆங்கிலப் புத்தகம் வேண்டாம். அங்கே 'கிறிஸ்துமஸ் கேக்' என்று எழுதுவதை நீங்கள் சாப்பிட்டிருக்காவிட்டால் அது வெறும் வார்த்தை. கருப்பட்டி, நெய்யில் வறுத்த உலர்திராட்சை, பஞ்சாமிர்தம், காய்ந்த நார்த்தங்காய், சுக்கு, ஜாதிக்காய் என்று நமக்குத் தெரிந்ததை எழுதினால், ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போதும் அந்த வாசனை திரும்பி வரும்.

வாயில்

முதல் சொட்டு கணக்கில் சேராது. ஆல்கஹாலுக்கு நாக்கைப் பழக்குவதற்கு மட்டும். இரண்டாவது முறை அரை டீஸ்பூன் அளவு எடுத்து, உடனே விழுங்காமல் நாக்கின் மேல், கன்னத்தின் உள்ளே, ஈறுகளில் படும்படி 10 விநாடி உருட்டுங்கள்.

மூன்று கட்டமாகக் கவனியுங்கள். நாக்கில் பட்டதும் வரும் இனிப்பு பெரும்பாலும் பின் பீப்பாயின் வேலை. நடுவில், அந்த இனிப்பு விலகும் இடத்தில், மால்ட் முகம் காட்ட வேண்டும்: தானியம், தேன், அந்த ஆலைக்கே உரிய ஏதோ ஒன்று. பிறகு மரம் வரும்.

மரம் வருவதைச் சொல்ல நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது, துவர்ப்பு. ஆங்கிலத்தில் இதற்கு 'உலர்ந்த' என்று சொல்லிச் சமாளிப்பார்கள். அறுசுவையில் ஒன்றாக எண்ணி வளர்ந்த நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஓக் மரத்திலும் சிவப்புத் திராட்சைத் தோலிலும் உள்ள டானின்தான் காரணம். வாழைப்பூ, நாவல்பழம், பாக்கு, மூன்றின் துவர்ப்பும் ஒன்றில்லை என்று நமக்குத் தெரியும். போர்ட் ஃபினிஷில் எனக்குப் படுவது நாவல்பழத் துவர்ப்பு, பழத்தோடு சேர்ந்து வரும். புது ஓக் ஷெர்ரி பீப்பாயில் அது பாக்குத் துவர்ப்பாக இருக்கும். வாழைப்பூ அளவுக்கு நாக்கைப் பிடித்து இழுத்தால் பீப்பாயில் அளவுக்கு மீறி விட்டுவிட்டார்கள் என்று அர்த்தம்.

தண்ணீர்

பாதி குடித்த பிறகு டிராப்பரால் மூன்று சொட்டு விட்டு, லேசாகச் சுற்றி, ஒரு நிமிடம் பொறுங்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல்சன், ஃப்ரீட்மேன் இருவரும் 2017இல் கணினி மாதிரி ஒன்றில் இதை ஆராய்ந்தார்கள். விஸ்கியின் புகை வாசனைக்குக் காரணமான குவாயகோல் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் 45 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது மேற்பரப்பை நோக்கி வருகிறது, வலு அதிகமானால் உள்ளே போய்விடுகிறது என்று கண்டார்கள். நம் மூக்குக்கு எட்டுவது மேற்பரப்பில் இருப்பதுதானே.

ஃபினிஷ் விஸ்கிக்குத் தண்ணீர் ஒரு நல்ல சோதனையும்கூட. நன்றாகக் கலந்த விஸ்கியில் தண்ணீர் விட்டால் மால்ட்டும் ஒயினும் சேர்ந்தே மெலியும். சரியாகக் கலக்காததில் ஒயின் இனிப்பு மேலே தனியாகவும், காரமான சாராயம் கீழே தனியாகவும் பிரிந்து நிற்கும். 40 சதவீதத்தில் வரும் பாட்டில்களுக்குத் தண்ணீரை அளந்தே விடுங்கள், சீக்கிரம் நீர்த்துவிடும்.

பின்சுவை, பிறகு தீர்ப்பு

ஆங்கிலத்தில் விழுங்கிய பிறகு தங்கும் சுவைக்கும் 'ஃபினிஷ்' என்றுதான் பெயர், இரண்டாவது பீப்பாய்க்கும் அதே பெயர். தமிழில் பின்சுவை என்று தனியாகச் சொல்லிவிடலாம். விழுங்கியதும் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள், மனதுக்குள் எண்ணுங்கள். எத்தனை விநாடி தங்கியது என்பதைவிடக் கடைசியில் எது மிஞ்சியது என்பது முக்கியம். வெறும் சர்க்கரை மட்டும் மிஞ்சினால் எனக்குப் பிடிப்பதில்லை. கின்டா ரூபனில் கடைசியாக ஒரிஜினலின் ஆரஞ்சு திரும்பி வருகிறது. அதனாலேயே அதை நல்ல ஃபினிஷ் என்கிறேன்.

குறைகளில் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். காலி ஒயின் பீப்பாய் கெட்டுப்போகாமலிருக்க உள்ளே கந்தகம் கொளுத்துவது வழக்கம். அதன் மிச்சம் விஸ்கியில் வந்தால் அணைத்த தீக்குச்சி வாசனை. அளவோடு இருந்தால் சிலர் ரசிப்பார்கள். அவித்த முட்டை வாசனையாகிவிட்டால் தாங்காது. சிலருக்கு இது மூக்கில் படவே படாது. அதனால் இரண்டு பேர் அதே பாட்டிலைப் பற்றி எதிரும் புதிருமாகப் பேசினால் இருவருமே உண்மை சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

புகையோடு சேரும்போது

இலகுவான ஜோடி பழகிய பிறகு லகாவுலின் 16ஐயும் அதன் டிஸ்டில்லர்ஸ் எடிஷனையும் எடுங்கள். பின்னதைப் பெட்ரோ ஹிமேனெஸ் பீப்பாயில் முடித்திருப்பார்கள். ஸ்காட்லாந்தின் ஐலா தீவுக்கே உரிய பீட் (எரிக்கும் சதுப்புநில மண்) புகையும் கடல் உப்பும் ஒரு பக்கம், அந்தக் கறுப்புத் திராட்சைப் பாகு மறுபக்கம். சுட்ட கத்தரிக்காயில் வெல்லம் போட்டால் என்ன ஆகும் என்று நினைக்கத் தோன்றும், ஆனால் வாயில் அது பனை ஓலைப் பெட்டியில் கிடந்த புகைவாசக் கருப்பட்டி மாதிரி இருக்கிறது. இதில் மட்டும் முகரும் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் டிஸ்டில்லர்ஸ் எடிஷன், பிறகு 16. இனிப்பை விலக்கிய பிறகு புகை எவ்வளவு கூர்மையானது என்று தெரியும்.

மீதி பாட்டிலை நிறுத்தி வையுங்கள், படுக்கவைத்தால் கார்க் கெடும். பாதிக்குக் கீழே இறங்கியதைச் சில மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். உள்ளே இருக்கும் காற்றில் பழ வாசனை மெல்ல மங்கும்.

முடித்த கிளாஸ்களை அன்றிரவே கழுவ வேண்டாம். எந்தக் கிளாஸ் எது என்று அடியில் சீட்டு வைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் காபிக்கு முன், ஆல்கஹால் முழுக்கப் போன பிறகு, காய்ந்த கிளாஸை முகர்ந்து பாருங்கள். ஒரிஜினலில் ஈர மரத்தூளும் லேசாகத் தேனும் இருக்கும். பக்கத்துக் கிளாஸில் பழக்கடைக் கூடையின் அடியில் ஒட்டிய திராட்சை வாசனை. சீட்டைப் பார்க்காமலே எது எது என்று சொல்லிவிடுவீர்கள்.